பைப்பில் ஃபில்டர் போட்டுப் புகைப்பது: அளவெடுப்பதிலிருந்து கழற்றித் துடைப்பது வரை

பைப்பில் ஃபில்டர் போடுவது ஒரு சின்ன உருளையை உள்ளே செருகுவதோடு முடிந்துவிடும் என்றுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். செருகிய பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். புகை வராது, பைப் சுடும், நாக்கு எரியும், வாய்க்குழல் முழுதாக மூடாது. உடனே ஃபில்டரைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தவரை, தவறு பெரும்பாலும் ஃபில்டரில் இருப்பதில்லை. அதற்கு முந்தைய படிகளில் இருக்கும். புகையிலை ஈரமாக இருந்திருக்கும், அல்லது ஃபில்டர் இல்லாத பைப்புக்குத் திணிப்பதுபோல இறுக்கித் திணித்திருப்பார்கள்.

ஆகவே கீழே உள்ள வரிசை முக்கியம். ஏற்கெனவே புகைப்பவர்களுக்காக எழுதியது இது. புகைக்காதவர் யாரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை.

பாகங்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புகையிலை எரியும் இடம் கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. வாயில் வைக்கும் பகுதி வாய்க்குழல். வாய்க்குழலின் முனையில் தண்டுக்குள் நுழையும் மெல்லிய பகுதியைத் தச்சர்கள் சொல்வதுபோல் கழுந்து என்றே சொல்கிறேன். அது நுழையும் இடம் தண்டுத் துளை.

1. ஃபில்டர் எதற்கு என்று தெளிவாகுங்கள்

ஃபில்டரின் முதல் வேலை ஈரத்தைப் பிடிப்பது. புகையிலை எரியும்போது நீராவி உண்டாகிறது. புகையிலையில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் ஆவியாகிப் புகையோடு வருகிறது. தண்டுக்குள் வந்து குளிரும்போது இரண்டும் சேர்ந்து, புகையில் வரும் ஒட்டும் பிசினான தாரோடு கலந்த பழுப்பு நீராகப் படிகின்றன. களகளவென்று சத்தம் வருவது அதனால்தான். அந்த நீர் நாக்கில் பட்டால் கசப்பு சட்டென்று போகாது. ஃபில்டர் அதை வழியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. சாம்பலும் புகையிலைத் துணுக்குகளும் வாய்க்கு வராமல் தடுக்கிறது. தாரில் ஒரு பங்கையும் பிடிக்கிறது.

அது செய்யாததையும் சொல்லியாக வேண்டும். எந்த ஃபில்டரும் பைப் புகையைப் பாதுகாப்பானதாக மாற்றாது. கார்பன் மோனாக்சைடு அதைத் தாண்டி வரும். நிக்கோட்டினில் பெரும்பகுதியும் வரும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாக நிக்கோட்டின் உடலில் சேரும். பைப் புகைப்பதால் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை புகைப்பதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஃபில்டர் இருக்கிறதே என்று ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணம் புகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரால் வரும் தீங்குகளில் எனக்குத் தெரிந்து மோசமானது இதுதான்.

2. பைப்பைத் திறந்து அளவெடுங்கள்

ஃபில்டர் வாங்கும் முன்பு பைப்பைத் திறந்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பொருந்தாத ஒரு டப்பா ஃபில்டரை வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

பைப் முழுக்க ஆறியிருக்க வேண்டும். தண்டை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்து, மற்றொரு கையால் வாய்க்குழலைக் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்பிக்கொண்டே வெளியே இழுங்கள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் விசை முழுவதும் தண்டின் கழுத்தில் இறங்கும், அங்கே விரிசல் விடும். எப்போதும் கடிகாரச் சுற்றில் திருப்புவதற்கும் காரணம் உண்டு. சில பைப்புகளில் கழுந்தோ உள்ளிருக்கும் உலோகத் துண்டோ மரையால் பொருத்தப்பட்டிருக்கும். எதிர்ப்புறம் திருப்பினால் அது கழன்று தளர்ந்துவிடும்.

இப்போது கழுந்தின் முனையைப் பாருங்கள். துளை 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவில் குறுகலாக இருந்தால் அது ஃபில்டருக்காகச் செய்த பைப் அல்ல. அதில் எதையும் வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். அகலமான துளை என்றால் பெரும்பாலும் 6 அல்லது 9 மில்லிமீட்டர். அளவுகோலால் இவ்வளவு சிறிய துளையை அளப்பது சிரமம். சாதாரணப் பென்சிலின் சீவாத முனையைத் துளை வாயில் வைத்துப் பாருங்கள். பென்சிலின் தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். தாராளமாக நுழைந்தால் 9, நுழையவே இல்லை என்றால் 6.

விட்டத்தைப் பார்க்கிற பலர் நீளத்தைப் பார்ப்பதில்லை. கழுந்துத் துளையின் ஆழத்தை, பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியான பைப் கிளீனர் ஒன்றை விட்டு, உள்ளே துளை குறுகும் படியில் தட்டும் இடம்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டுத் துளையின் ஆழத்தை அளந்து, அதிலிருந்து கழுந்தின் நீளத்தைக் கழியுங்கள். மிச்சம் வருவது கழுந்து முனைக்கும் துளையின் அடிக்கும் இடையில் உள்ள இடைவெளி. இந்த இடைவெளியையும் கழுந்துத் துளையின் ஆழத்தையும் கூட்டினால் ஃபில்டருக்குக் கிடைக்கும் மொத்த இடம் தெரியும். 9 மில்லிமீட்டர் ஃபில்டர்கள் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டிய நீளத்தில் வருகின்றன. உங்கள் பைப்பில் 36 மில்லிமீட்டர்தான் இடம் என்றால் வாய்க்குழல் மூடாது. அழுத்தி மூடினால் ஏதாவது ஒன்று உடையும்.

9 மில்லிமீட்டர் துளையிட்ட கழுந்தின் சுவர் மிக மெல்லியது என்பதை நினைவில் வையுங்கள். துளை பெரிதாகும்போது சுற்றியுள்ள பொருள் குறைகிறது. கழற்றிய வாய்க்குழலை மேசை விளிம்பில் உருள விடாதீர்கள்.

3. எந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துவரும்

கரி ஃபில்டர். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் நுண்துளைக் கரியின் சிறு மணிகள் காகித உருளைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு கிராம் கரியின் உள் பரப்பையெல்லாம் விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அதனால்தான் ஈரத்தோடு வாசனையையும் பிடித்துக்கொள்கிறது. நாக்கு எரிச்சலால் தவிப்பவர்களுக்கு முதலில் இதையே சொல்வேன். ஆனால் சுவை மங்கும். வெர்ஜீனியா இலையின் மெல்லிய இனிப்பு பாதிக்குமேல் மறைந்துவிடும். புகையில் உலர்த்திய லட்டாக்கியா இலை கலந்த அழுத்தமான கலவைகள் தாக்குப்பிடிக்கும்.

மீர்ஷாம் ஃபில்டர். அதே உருளைதான், கரிக்குப் பதிலாக மீர்ஷாம் கனிமத்தின் துணுக்குகள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், சுவையைக் கரி அளவுக்குத் தின்னாது. நடுவழி தேடுபவர்களுக்கு இது.

பால்சா மரத் துண்டு. சாவினெல்லி நிறுவனத்தின் பைப்புகளோடு வருவது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். வட்டத் துளைக்குள் முக்கோணத்தை வைத்தால் மூன்று பக்கமும் இடைவெளி விழும் அல்லவா, புகை அந்த வழியே போகும். மரத்தை ஊடுருவிப் போவதில்லை, உரசிக்கொண்டு போகிறது. எனவே இழுப்பு இலகு, சுவை மாற்றமும் குறைவு. நான் இப்போது பயன்படுத்துவது இதைத்தான்.

காகித ஃபில்டர் மலிவு, 6 மில்லிமீட்டர் பைப்புகளில் அதிகம் வரும். சீக்கிரம் நனைந்து தளரும். பிரிகம் நிறுவனத்தின் பைப்புகளில் மேப்பிள் மரக் குழல் இருக்கும். அதைக் கழுவி உலர்த்திப் பலமுறை பயன்படுத்தலாம்.

சிகரெட் ஃபில்டரை வெட்டிப் பைப்பில் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். அதன் நார் மிக நெருக்கம். பைப் புகையின் ஈரத்தில் ஊறிப் பாதிக் கிண்ணத்துக்குள் அடைத்துக்கொள்ளும்.

4. கையருகே வைத்துக்கொள்ள வேண்டியவை

சரியான அளவு ஃபில்டர்கள், பைப் கிளீனர்கள், அமுக்குவதற்கு ஒரு டேம்பர், தீக்குச்சி அல்லது மென்சுடர் லைட்டர், மெல்லிய காகிதத் துண்டுகள், பைப்பைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி, பயன்படுத்திய ஃபில்டரைப் போட மூடியுள்ள சிறு டப்பா. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். வாய் உலர்ந்திருந்தால் நாக்கு சீக்கிரம் எரியும்.

கரி ஃபில்டர்களைப் புகையிலை டப்பாவுக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். கரி காற்றிலிருந்தே ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். செண்டு பாட்டில் இருந்த அலமாரியில் வைத்த ஃபில்டரில் புகைத்தால் செண்டுதான் வாயில் வரும். காற்றுப்புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள்.

5. புகையிலையை உலர்த்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டப்பாவிலிருந்து எடுத்த புகையிலை பெரும்பாலும் புகைப்பதற்குத் தேவையான ஈரத்தைவிட அதிக ஈரத்தோடு இருக்கும். கெடாமல் இருக்க அது வேண்டும், எரிய அது வேண்டாம். இனிப்பூட்டிய வாசனைக் கலவைகளில் கேசிங் எனப்படும் பாகும் சேர்ந்திருப்பதால் ஈரம் இன்னும் அதிகம். ஃபில்டர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே நிரப்பினால் முதல் பத்து நிமிடத்திலேயே ஃபில்டர் முழுக்க ஊறிவிடும். ஊறிய ஃபில்டர் ஈரத்தைப் பிடிப்பதில்லை. புகையையும் விடுவதில்லை.

ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை எடுத்து, கட்டிகளை விரலால் பிரித்து, வெள்ளைக் காகிதத்தில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையில் அழுத்தி விடுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. அழுத்தம் விட்டதும் மெல்ல விரிந்து பிரிந்தால் சரி. தூளாக நொறுங்கினால் அதிகம் உலர்ந்துவிட்டது. அப்போது சுவை இல்லாமல் வேகமாக எரியும். அழுத்தித் துண்டுகளாக வெட்டிய தடித்த ஃப்ளேக் வகைகளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இன்னும் பொறுக்க வேண்டும்.

தொடும்போது கொஞ்சம் காய்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வருகிற நிலை இருக்கிறதே, ஃபில்டர் பைப்புக்கு அதுதான் நல்ல நிலை. புதியவர்கள் அதற்கு முன்பே அவசரப்பட்டு நிரப்பிவிடுகிறார்கள்.

6. ஃபில்டரைப் பொருத்துங்கள்

கிண்ணத்தை நிரப்பும் முன்பே ஃபில்டரைப் பொருத்திவிட வேண்டும். நிரப்பிய பிறகு வாய்க்குழலைத் திருப்பிச் செருகினால் உள்ளே அடைபடும் காற்று புகையிலையை மேலே தள்ளும், நிரப்பியது குலையும்.

உருளை ஃபில்டர் என்றால் முதலில் அதைக் கண்ணால் பாருங்கள். காகிதம் கிழிந்தோ, மூடி ஆடியபடியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளிருக்கும் மணிகள் வாய்க்கு வரும். நல்லதாக இருந்தால் விரலால் இரண்டு தட்டு தட்டி, ஒரு முனையில் மெல்ல ஊதுங்கள். கரித்தூள் இருந்தால் வெளியே போய்விடும். முதல் இழுப்பில் நாக்கில் கறுப்பாக ஒட்டுவது அந்தத் தூள்தான்.

அடுத்து திசை. பல ஃபில்டர்களில் ஒரு முனையில் பீங்கான் மூடியும் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடியும் இருக்கும். பீங்கான் முனை கிண்ணத்தின் பக்கம், பிளாஸ்டிக் முனை வாய்ப் பக்கம். கிண்ணத்திலிருந்து வரும் சூடான புகையை முதலில் சந்திப்பது பீங்கானாக இருக்க வேண்டும். இரண்டு முனையும் பீங்கான் என்றால் திசை பார்க்க வேண்டியதில்லை. பால்சாவுக்கும் அப்படியே.

ஃபில்டரைக் கழுந்துத் துளைக்குள் விடுங்கள். லேசான உராய்வோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் புகை ஃபில்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் தப்பிக்கும். இறுகினால் நிறுத்துங்கள். உள்ளே பழைய தார் படிந்திருக்கலாம், சுத்தம் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதன்பின் வாய்க்குழலைக் கடிகாரச் சுற்றில் திருப்பியபடி தண்டுக்குள் செலுத்துங்கள். வாய்க்குழலும் தண்டும் சேரும் இடத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் ஃபில்டர் நீளம் அதிகம் என்று பொருள்.

இப்போது காலிக் கிண்ணத்தோடு ஒருமுறை காற்றை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் தண்ணீர் உறிஞ்சும் அளவுக்கு லேசான தடை இருக்கலாம். கன்னம் குழிய இழுக்க வேண்டியிருந்தால் எங்கோ அடைப்பு. புகையிலை போடுவதற்கு முன்பு இதைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். இந்த இழுப்பின் அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

7. வழக்கத்தைவிடத் தளர்வாக நிரப்புங்கள்

ஃபில்டர் ஏற்கெனவே ஒரு தடை. புகையிலை இன்னொரு தடை. இரண்டையும் கூட்டித்தான் உங்கள் இழுப்பு அமையும். ஃபில்டர் இல்லாத பைப்பில் சரியாக இருந்த இறுக்கம், ஃபில்டர் போட்டதும் அதிகமாகிவிடும். ஃபில்டர் போட்டால் பைப் அணைந்துகொண்டே இருக்கிறது என்று புகார் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது நிரப்பிய விதத்தைத்தான்.

முதலில் புகையிலையைக் கிண்ணத்தின் விளிம்புவரை தூவி விடுங்கள், விரலால் தொடாதீர்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை லேசாகத் தட்டினால் தானாகவே இறங்கும். மறுபடி விளிம்புவரை தூவி, மிக மென்மையாகப் பாதியளவு அமுக்குங்கள். மூன்றாவது முறை தூவி, கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். மேற்பரப்பை விரலால் தொட்டால் ஸ்பாஞ்சு போல மீண்டு எழ வேண்டும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காலிக் கிண்ணத்தில் இருந்த இழுப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் தடை இருந்தால் போதும். அடியில் இறுகிவிட்டது என்றால் மேலே குத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அடியில் இறுகிய புகையிலை ஈரத்தையும் அங்கேயே தேக்கும்.

8. பற்றவைத்து, மெல்ல இழுங்கள்

சுடரை மேற்பரப்பின் மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே சிறு சிறு இழுப்புகளாக இழுங்கள். மேலடுக்கு கருகிப் பொங்கி எழும், பிறகு அணையும். அணையட்டும். பொங்கியதை டேம்பரால் அதன் எடை மட்டும் விழும்படி சமன் செய்து, இரண்டாவது முறை பற்றவையுங்கள். இந்த இரண்டாவது நெருப்புதான் நிற்கும்.

முதல் சில இழுப்புகளில் காகித வாடையோ வெறுமையோ தெரியும். புதிய ஃபில்டரின் இயல்பு அது, சில நிமிடங்களில் போய்விடும். சுவை வரவில்லையே என்று அந்த நேரத்தில் வேகமாக இழுப்பதுதான் பெரும் தவறு. புகை குறைவு, இழுப்பு அதிகம், கிண்ணம் சூடு, சூட்டால் இன்னும் அதிக நீராவி, அதனால் ஃபில்டர் இன்னும் சீக்கிரம் நனைதல் என்று சங்கிலியாகப் போகும். கடைசியில் நாக்கு எரியும்.

சூடான தேநீரை உறிஞ்சும் அளவுக்கு மெல்ல இழுங்கள். கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கன்னத்தில் வைக்க முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் பைப்பைக் கீழே வையுங்கள். அணைந்தால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். நடுத்தரக் கிண்ணம் முக்கால் மணி நேரம் ஓடினால் வேகம் சரி. புகையை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டாம்.

தலைசுற்றல், விக்கல், வியர்வை, குமட்டல் வந்தால் அது நிக்கோட்டின் அதிகமானதன் அறிகுறி. ஃபில்டர் இருந்தாலும் வரும். அங்கேயே நிறுத்திவிட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். மிச்சக் கிண்ணத்தை முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

9. நடுவில் களகள சத்தம் வந்தால்

ஃபில்டர் இல்லாத பைப்பில் இதற்கு எளிய வழி உண்டு. பைப் கிளீனரை வாய்க்குழல் வழியாகக் கிண்ணத்தின் அடித்துளை வரை விட்டு, ஈரத்தை எடுத்துவிடலாம். ஃபில்டர் பைப்பில் அது முடியாது, கிளீனர் ஃபில்டரில் முட்டி நிற்கும். இதை அறியாமல் அழுத்தினால் மூடியை உடைத்து மணிகளைச் சிதறடிப்பீர்கள்.

சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றவும் கூடாது. சூட்டிலும் ஈரத்திலும் மரமும் கழுந்தும் வெவ்வேறு அளவில் விரிந்திருக்கும். அந்த நிலையில் திருப்பினால் தண்டில் விரிசல் விடும், அல்லது மெல்லிய கழுந்து துளைக்குள்ளேயே முறிந்துவிடும். என் முதல் ஃபில்டர் பைப்பை நான் இழந்தது இப்படித்தான். ஒரு நிமிடப் பொறுமை இருந்திருந்தால் அது இன்றும் என்னிடம் இருந்திருக்கும். நல்ல பிரையர் மரம், இப்போதும் மனம் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது பொறுப்பதுதான். பைப்பை வாய்க்குழல் மேலே இருக்கும்படி சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரம் தண்டின் பக்கம் இறங்கும். பிறகு மெல்ல இழுங்கள். சத்தம் தொடர்ந்தால் ஃபில்டர் ஊறிவிட்டது என்று கொண்டு அந்தக் கிண்ணத்தை அதோடு விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஐந்தாம் படியில் இன்னும் கால் மணி நேரம் கூட்டுங்கள்.

10. முடிந்ததும் கழற்றும் வரிசை

குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கிண்ணம் கைக்குக் குளிர்ந்துவிட்டது என்பது மட்டும் போதாது, தண்டின் உட்புறம் ஆற இன்னும் நேரம் எடுக்கும். ஆனால் மறுநாள்வரை அப்படியே விடவும் கூடாது. நனைந்த ஃபில்டர் உள்ளேயே இருந்தால் மரம் அந்த ஈரத்தைக் குடித்துப் புளித்த வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கலாம். 

முதலில் சாம்பலைக் கொட்டுங்கள், அதன்பின் வாய்க்குழலைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் சாம்பல் அடித்துளை வழியாகத் தண்டுக்குள் விழுந்து அங்கிருக்கும் ஈரத்தோடு சேறாகும். ஃபில்டரின் வெளியே நீட்டியிருக்கும் முனையைக் காகிதத்தால் பிடித்து, திருகியபடி இழுங்கள். வரவில்லை என்றால் முழுக்க உலர விட்டு மறுநாள் முயலுங்கள். உலர்ந்தால் காகிதம் சுருங்கி வழிவிடும். குறடால் பிடிப்பது கடைசி வழி. அப்போதும் கழுந்தின் விளிம்பில் குறடு படக் கூடாது.

கரி, மீர்ஷாம், காகித ஃபில்டர்களை ஒரு கிண்ணத்தோடு மாற்றிவிடுங்கள். உலர வைத்து இரண்டாவது முறை போடுபவர்கள் உண்டு. உலர்வது தண்ணீர்தான், தார் உள்ளேயே இருக்கும், அடுத்த கிண்ணம் அந்தத் தாரின் வழியாகவே வரும். பால்சா கறுக்காமல் பழுப்பாக மட்டும் இருந்தால் உலர்த்தி இன்னொரு முறை பயன்படுத்தலாம்.

எடுத்த ஃபில்டரை மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். அதில் ஊறியிருப்பது நிக்கோட்டின் கலந்த நீர். குழந்தையோ வளர்ப்பு விலங்கோ வாயில் வைத்தால் நஞ்சு. மேசையிலோ சாம்பல் தட்டிலோ விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

11. ஃபில்டர் அறையைத் துடைப்பது

வாய்க்குழலின் குறுகிய பகுதிக்கு ஒரு கிளீனர் போதும். ஆனால் 9 மில்லிமீட்டர் அறைக்குள் ஒற்றைக் கிளீனரை விட்டால் அது சுவரைத் தொடாமலே போய்வரும். கிளீனர் வெள்ளையாக வருகிறது, சுத்தமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். தார் சுவரில் அப்படியே இருக்கும். கிளீனரை மூன்றாக மடித்து விடுங்கள், அல்லது மெல்லிய காகிதத்தைத் திரி போல முறுக்கிச் சுழற்றி எடுங்கள். தண்டுத் துளைக்கும் இதே முறை.

சில கிண்ணங்களுக்கு ஒருமுறை கிளீனரில் சில துளி குடிதர ஆல்கஹால் தொட்டு உள்ளே துடைக்கலாம். இது பிரையர் மரத்துக்கும் ரப்பர் வாய்க்குழலுக்கும் சரி. அக்ரிலிக் வாய்க்குழலில் ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடக்கூடும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மீர்ஷாம் கிண்ணத்தில் ஆல்கஹால் வேண்டவே வேண்டாம்.

துடைத்த பிறகு வாய்க்குழலைச் செருகி, உள்ளே புதிய ஃபில்டர் போடாமல், ஒரு கிளீனரை மட்டும் விட்டு ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள். புதிய ஃபில்டரை இப்போதே போட்டுவைத்தால் மரத்திலிருந்து வரும் ஈரத்தை அது குடித்துவிடும், அடுத்த கிண்ணம் தொடங்கும்போதே பாதி செலவாகியிருக்கும்.

12. ஃபில்டர் பைப்பை ஃபில்டர் இல்லாமல் புகைக்க வேண்டுமானால்

ஃபில்டரை எடுத்துவிட்டு அறையைக் காலியாக விட்டால் நிலைமை மோசமாகும். குறுகிய துளையிலிருந்து வரும் புகை அகன்ற அறைக்குள் வந்ததும் வேகம் குறைந்து, குளிர்ந்த சுவரில் பட்டு, அங்கேயே நீராகப் படியும். சில பைப்புகளில் விசில் சத்தமும் வரும். இதற்காகவே அடாப்டர் என்று ஒரு சிறு குழல் கிடைக்கிறது. ஃபில்டரின் வெளி அளவு, நடுவில் குறுகிய துளை. அதைப் போட்டால் புகைவழி ஒரே அகலத்தில் இருக்கும், நடுவில் கிளீனரும் விடலாம். புதிய பைப் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்ன வெறுங்குழல் கிடந்தால் அது இதுதான். பலர் என்னவென்று தெரியாமல் எறிந்துவிடுகிறார்கள்.

அடாப்டரா, ஃபில்டரா என்று முடிவு செய்ய ஒரே புகையிலையை, ஒரே அளவு உலர்த்தி, ஒரே பைப்பில் மூன்று நாள் இடைவெளியில் புகைத்துப் பாருங்கள். முதல் முறை அடாப்டர், இரண்டாம் முறை பால்சா அல்லது மீர்ஷாம், மூன்றாம் முறை கரி. ஒவ்வொரு முறையும் எத்தனை தடவை மறுபடி பற்றவைத்தீர்கள், நாக்கு எரிந்ததா, ஃபில்டர் எவ்வளவு நனைந்திருந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். புகையிலை மாறினால் பதிலும் மாறும் என்பதால், அடிக்கடி புகைக்கும் ஒவ்வொரு கலவைக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.